ஈரம்

போலந்திலிருந்து ஒரு பங்குத்தந்தை எழுதியிருக்கிறார்:
நீங்கள் செதுக்கி அனுப்பிய வியாகுல மாதா
தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளியன்று
வலக்கண்ணால் அழுதாள்.
பேருந்து பேருந்தாக வருகிறார்கள்,
பஞ்சில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள்.

கார்தேனாப் பள்ளத்தாக்கில் கூரைப்பனி இன்னும் இறங்கவில்லை.
ஒட்டீலியா வாசித்தாள், உளியைக் கீழே வைக்காமல்.
அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும்.
இமைக்குப் பின்னால்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு கணு.
தோண்டி எடுத்து ஆப்பு வைத்திருக்க வேண்டும்.
ஆனால் கன்னம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டது.
பைன் மரம் காய
இன்னும் இரண்டு குளிர்காலம் பாக்கி.
வங்கித் தவணை காயக் காத்திருக்குமா?

கோவிலில் அடுப்பு மூட்டியிருப்பார்கள்.
பிசின் இளகியிருக்கும்.
வண்ணப்பூச்சைப் பிளந்துகொண்டு
வழி தேடியிருக்கும்.

"வணக்கத்துக்குரிய தந்தையே,
அது கண்ணீர் அல்ல"
என்று எழுதிய பிறகுதான்
தாளைத் திருப்பினாள்.
பின்பக்கம் பென்சிலில், அவசரமாய்:
மகன் போன நாளிலிருந்து வாய் திறவாத ஒருத்தி
நேற்று பஞ்சைத் தொட்டாள்.
ஏழு வருடத்தில் முதல் சொல்,
"ஒட்டுது."

ஒட்டீலியா வெகுநேரம்
தன் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தாள்.
எந்த சோப்புக்கும் போகாத வாசனை.

பிறகு எழுதிய வரியை அடித்துவிட்டு
வேறொன்று எழுதினாள்:
டர்பன்டைன் போட்டுத் துடைக்காதீர்கள்.
கன்னத்து நிறம் போய்விடும்.