வைஃபை உண்டு

பணகுடியில் பேருந்தை விட்டு இறங்கியதும்
என் தொப்பி என்னிடம் சொல்லாமல்
கிழக்கே ராதாபுரம் பார்த்துப் புறப்பட்டது.
ஆடி மாதம். மலை இடுக்கிலிருந்து
யாரோ துரத்திவிட்டது போலக் காற்று.

கிள்ளானில் இருந்து வருகிறேன்.
இங்கே ஒரு காற்றாலையின் பற்சக்கரப் பெட்டி
ராத்திரியில் முனகுகிறதாம். காது கொடுத்துக் கேட்டுச் சொல்ல வேண்டும்.
ரூபாய் நோட்டுக்காகப் பையைத் துழாவினால்
வீட்டுச் சாவி.
இன்னொரு பையில் இன்னொன்று.
வீட்டுக்குச் சாவி இரண்டு என்பது மனைவி அறிந்த கணக்கு.
மூன்றாவது, மிளகாய்த் தொட்டிக்கு அடியில்.
அது நான் மட்டும் அறிந்த கணக்கு.
வேலை முடிந்து வனரோஜா வர ஏழு ஆகும்.
அங்கே ஏழு அடித்தால் இங்கே நாலரை.
என் சிம் கார்டோ
கடல் தாண்டும்போதே உயிரை விட்டிருந்தது.

லாட்ஜ் வாசலில் பலகை: ‘வைஃபை உண்டு.’
மேனேஜர் சிவனணைந்தபெருமாளிடம் கேட்டேன்.
‘உண்டு சார்.’
எங்கே?
‘இப்ப இல்ல.’
உண்டுக்கும் இல்லைக்கும் நடுவில்
ஒரு மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருந்தது.
‘பாஸ்வேர்டு எம் பையனுக்குத்தான் தெரியும்.
அவன் மஸ்கட்ல கெடக்கான்.
வாட்ஸ்அப்ல ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்.’

பேக்கரி செய்யது மசூது நல்ல மனிதர்.
தேங்காய் பன்னோடு ஹாட்ஸ்பாட்டும் தருகிறேன் என்றார்.
பன் வந்தது.
‘ஒன்றரை ஜிபியும் விடியக்காலயே தீந்துட்டு சார்.
கேக்கு எப்படிச் செய்யதுன்னு மக பாத்திருக்கா.’
பேக்கரிக்காரர் மகள்!

வள்ளியூர் ரயில் நிலையத்தில் இலவசம் என்றார்கள்.
ஆட்டோவுக்கு முந்நூறு கொடுத்து
இலவசத்தை அடைந்தேன்.
பொய்யில்லை, எல்லாக் கோடும் நிறைந்து நின்றது.
‘உங்கள் எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியுள்ளோம்.’
செத்த எண்ணுக்கு ரகசியம் எதற்கு?
புது சிம் கேட்டுப் போனேன்.
‘உள்ளூர் நம்பர் ஒண்ணு சொல்லுங்க சார், ஓடிபி வரும்.’

திரும்பும் வழியெல்லாம் கைப்பேசி
அடுத்தவர் வீட்டு நெட்டுகளை வாசித்துக் காட்டியது:
தங்கதுரை மாடி. ஆசீர்வாத இல்லம்.
கேக்காதீய. கேட்டாலும் சொல்லமாட்டேன்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூட்டு.
பூட்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கியது.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
மூன்று சொல் பறக்கவில்லை.
நாலரையும் போனது.

மறுநாள், நாற்பத்தாறாம் எண் காற்றாலை.
டெக்னீஷியன் ஜெபசிங் இறக்கைகளை நிறுத்தினான்.
எண்பது மீட்டர் ஏணி.
உள்ளங்கை எரிய, முட்டி ஆட,
உச்சியில் போய் நான் மூச்சைத் தேடிக்கொண்டிருக்கையில்
அவன் பாட்டுக்குச் சொல்கிறான்:
‘இதுக்குள்ள நெட்டு உண்டும்லா சார்.
பத்து செகண்டுக்கு ஒருக்க டென்மார்க்குக்குப் பேசும்.’
இந்த இரும்பு தன் முதுகுவலியை
இரவெல்லாம் உலகத்திடம் சொல்லிக்கொண்டிருக்க
நான் கீழே பன் தின்றிருக்கிறேன்.
பாஸ்வேர்டு?
‘ஒண்ணு ரெண்டு மூணு நாலு.’

கைப்பேசி உதறி உதறிப் பதினேழு செய்தியைக் கக்கியது.
சாவி எங்கே?
சாவி எங்கேங்க?
மழை வருது.
ஆ லியான் வீட்டில் பசியாறிட்டேன்.
பூட்டை உடைச்சாச்சு. புதுப் பூட்டு எண்பது வெள்ளி.
மிளகாய்த் தொட்டியைத் தூக்கித்தான் உடைச்சேன்.
தூக்கின இடத்தில் என்ன இருந்தது தெரியுமா?

அதற்குப் பிறகு செய்தி இல்லை.
கீழே பணகுடி, தீப்பெட்டிகளைக் கொட்டியது போல.
ஜெபசிங் பற்சக்கரத்தில் காதை வைத்திருந்தான்.
நெடுநேரம் யோசித்து,
‘இங்கே நெட்டே கிடைக்கலைம்மா’ என்று தட்டினேன்.

உடனே விழுந்தது
நீலத்தில் இரண்டு கோடு.