நாற்பது கிலோவுக்கு

கிரடாக், அடர்லி தெரு.
என் மருந்துக்கடையிலிருந்து மூன்று கதவு தள்ளி
ஹென்னியின் துப்பாக்கிக் கடை.
இரண்டிலும் பூட்டிய அலமாரி.
இரண்டிலும் கையெழுத்துக்கு ஒரு தடிப் புத்தகம்.

300 மேக்னத்தை எடுத்து நீட்டுகிறான்.
"ஒரே அடி, மேஃப்ரோ. எருமையே சாயும்."
எருமையோடு எனக்கு வழக்கு இல்லை, ஹென்னி.
கேட்பது ஸ்பிரிங்பக் மானுக்கு.
மழையில் நனைந்து வந்தாலும் நாற்பது கிலோ.

நாற்பது கிலோ என்றால்
பன்னிரண்டு வயதுப் பிள்ளை.
அந்த எடைக்கு அளந்து அளந்து பழகிய கை இது.
கூடினால் குணமில்லை, கேடு.
மேக்னம் புகுந்த தோளை மார்லீஸின் பண்ணையில்
கொக்கியில் பார்த்திருக்கிறேன்:
கறி இல்லை, ஊதாக் கூழ்.
நாய்கள் சாப்பிட்டன.

மார்லீஸ் 270 என்கிறாள், அவள் அப்பா வைத்திருந்ததால்.
டர்பனிலிருந்து மைத்துனன் கிருபாகரன்
6.5 என்று அட்டவணை அட்டவணையாக அனுப்புகிறான்;
கடற்கரையில் இருப்பவன்,
புறாவைக்கூடச் சுட்டதில்லை.

நான் சொல்லாமல் வைத்திருப்பது இது:
போன ஜூனில் இரவல் வாங்கிய 30-06.
விசையைத் தொடும் முன்பே
தோள் பயந்தது, கண் மூடிக்கொண்டது.
குண்டு பின்னங்காலில்.
மூன்று காலில் அது ஓடிய ஓட்டத்தைக்
குன்று மறைக்கும்வரை பார்த்தேன்.
தெம்பெகிலேவும் நானும் இருட்டும்வரை தேடினோம்.
விடிந்தபின் கிடைத்தது.
நரிகளுக்கு முதலில் கிடைத்திருந்தது.
அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
தெர்மாஸ் மூடியில் காப்பி ஊற்றித் தந்தார்,
அதுதான் சொன்னது.

ஆகவே, ஹென்னி, கீழ்த்தட்டிலிருக்கும் அந்த 243.
நூறு கிரெய்ன் குண்டு.
கிரெய்ன் எனக்குப் பழைய உறவு:
ஐந்து கிரெய்ன் ஆஸ்பிரின் இருபது மாத்திரை,
உள்ளங்கையில் கொட்டினால் இவ்வளவுதான்.
"காற்றடித்தால் விலகும்" என்கிறான். விலகட்டும்.
முந்நூறு மீட்டரில் ஒரு சாண் இறங்கும்,
பக்கக் காற்று இன்னொரு சாண் தள்ளும்.
மனிதருக்கு எண்சாண் உடம்பு;
அதன் நெஞ்சுக்கூட்டில் எனக்கு உரிமையுள்ள இடம்
ஒரு சாணுக்கும் குறைவு.
முந்நூறில் சுட மாட்டேன். அவ்வளவுதான்.
வயிற்றால் ஊர்ந்து நூற்றைம்பதுக்குப் போவேன்.
துப்பாக்கியின் குறையை முழங்கை தேயத் தீர்ப்பேன்.

எது நல்ல துப்பாக்கி என்று
இனி யாராவது கேட்டால்:
சுடும்போது நீ கண் மூடாதது.

ஜூன் பதினாலு. புல்நுனியில் உறைபனி.
காற்றாலை அசையவில்லை. பாலையென்று சொல்ல முடியாத,
முல்லையென்று சொல்ல மனம் வராத நிலம்.
முழங்கையில் முள், வாயில் மண்.
தெம்பெகிலேவின் விரல் என் முதுகில் ஒருமுறை தட்டியது:
இடமிருந்து மூன்றாவது, கிழட்டுக் கிடா.

கண் திறந்திருந்தது.
சத்தம் எனக்குக் கேட்டதாக நினைவில்லை.
நின்ற இடத்திலேயே மடங்கியது.

அருகே போனபோது
முதுகின் மடிப்பு மெல்லப் பிரிந்து
வெள்ளை மயிர் விசிறியாய் விரிந்தது.
உயிரோடு துள்ளும்போது விரிப்பது,
முடியும்போதும் விரிக்கும் என்றார்.
"முகர்ந்து பார்."
குனிந்தேன். தேன் வாசனை.
பொய்யில்லை, தேன்.
எந்த அட்டவணையிலும் கிருபாகரன் இதை அனுப்பவில்லை.

விசிறி மூடும்வரை இருவரும்
தொப்பியைக் கையில் வைத்திருந்தோம்.

காலிக் கூடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
கடைக்குத் திரும்பி
சின்ன மாத்திரைக் குப்பியில் போட்டு மூடினேன்.
பழக்கதோஷம், சீட்டும் ஒட்டினேன்:

ஒன்று. ஒரே வேளை.
மீண்டும் தேவைப்பட்டால்
முதலில் காற்றைக் கேட்கவும்.