சுவர் எடுத்த பிறகு

ஐந்து மாதம் பூட்டிக் கிடந்து
பேர்னு ஆற்றங்கரையில் எங்கள் உணவகம் திறந்தபோது
சமையலறைக்கும் மேசைகளுக்கும் நடுவே
சுவர் இல்லை.

எல்லாம் ஹெலெரி வரைந்த வரைபடம்.
சாம்பல் நிறக் கம்பளி போர்த்திய கூரை
தட்டில் முள்கரண்டி உரசும் ஒலியைக்கூட விழுங்கிவிடும்.
புகைபோக்கி ஓடுவதே தெரியாது;
வெங்காயம் வதங்கினால்
வதக்குகிறவருக்கு மட்டும்தான் வாசம்.
நாற்காலி ஒன்றின் விலை
என் இரண்டு மாதச் சம்பளம்.
துடைக்கும்போது கை கொஞ்சம் கூசும்.

ஊர்மஸ்தான் பாவம்.
பதினோரு வருடம் சுவருக்குப் பின்னால்
கத்தியால் பாதி, கத்திப் பாதி
சமைத்தவர்.
இப்போது எதிரே நாற்பது ஜோடிக் கண்கள்.
உப்பு கூடிவிட்டால்
பூனைக்குட்டியிடம் பேசுவதுபோல் குனிந்து
காரெலின் காதில் சொல்கிறார்.
கத்தினால்கூடப் பரவாயில்லை, என்கிறான் காரெல்,
இதுதான் பயமாயிருக்கிறது.

சுவர் இடிக்கத் தேதி இருந்தது.
சாயம் உலரத் தேதி இருந்தது.
திறப்பு, மார்ச் இருபத்தைந்து.
தடித்த பருத்தித் தாளில் அறுபது அட்டைகள் அச்சாகி வந்தன:
புளித்த பிர்ச் மரத்து நீர்,
கரடிப்பூண்டு மொக்கு ஊறுகாய்,
வறுத்த மெரிடின்ட் மீன்.
முதலிரண்டும் போன வருடத்து ஜாடி.
மீன் மட்டும்தான் இந்த வருடம்.

ஆற்றுக்கு யாரும் தேதி சொல்லவில்லை.

பனிக்கட்டி விரியவில்லை. மீன் ஏறவில்லை.
உறைய வைத்தது கிடைக்கிறது,
யாருக்குத் தெரியப்போகிறது
என்றார் பங்குதாரர், தொலைபேசியில்.
ஊர்மஸ் பதில் சொல்லாமல்
பென்சில் கொண்டுவரச் சொன்னார்.
அறுபது அட்டை, அறுபது கோடு.
ஸ்கேல் வைத்து அடித்தவள் நான்.

வந்தவர்கள் கோட்டைத்தான் முதலில் படித்தார்கள்.
இது என்ன?
இன்னும் வரவில்லை.
எப்போது வரும்?
ஜன்னலைக் காட்டினேன்.
வெள்ளையாய் விறைத்துக் கிடந்தது ஆறு.
சிலர் சிரித்தார்கள்.
ஒருவர், அதற்குக் காசு குறையுமா என்றார்.
குறைத்தோம்.

கடை அடைத்தபின் ஒருநாள் கரையில் போய் நின்றேன்.
பனிக்கு அடியில்
யாரோ கனத்த பீரோவை
நகர்த்தி நகர்த்தி வைப்பதுபோல் சத்தம்.

ஒன்பதாம் இரவு, பரிமாறலுக்கு நடுவில்
பின்கதவைக் காலால் தள்ளிக்கொண்டு
ரப்பர் பூட்சோடு வந்தார் அய்வோ.
கையில் நீலப் பெட்டி. உள்ளே வெள்ளி,
இன்னும் துடிக்கிற வெள்ளி.
பின்கதவும் இப்போது
எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான்.

ஊர்மஸ் கத்தினார்.

என்ன வார்த்தை என்று எழுத முடியாது.
கம்பளிக் கூரை விழுங்கப் பார்த்து
விக்கிக்கொண்டது.
நாற்பது கரண்டிகள் அந்தரத்தில்.
அவர் கையை நீட்டி
புகைபோக்கியை அணைத்தார்.

மெரிடின்டுக்கு மீன் வாசம் கிடையாது.
வெள்ளரிக்காயை இந்த நிமிடம் நறுக்கியதுபோல் இருக்கும்.
அந்த வாசம் மேசை மேசையாகப் போனது,
பரிமாறுகிற எனக்கு முன்னால்.
ஏழாம் மேசையில் ஹெலெரி
ஒயினைக் கீழே வைத்துவிட்டு
அண்ணாந்து தன் புகைபோக்கியைப் பார்த்தாள்.
கோபமோ என்று அருகே போனேன்.
எண்ணெய் காய்கிற வரைக்கும், என்றாள்,
அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் காலை
அறுபது அட்டைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு
மூலை முடுக்கெல்லாம் தேடினோம்.
அத்தனை செலவில் கட்டிய இடத்தில்
ஒரு அழிரப்பர் இல்லை.