வகையுளி

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் நான் உரைபெயர்ப்பவன்.
மாதச் சம்பளம் உண்டு,
சொந்தமாக ஒரு வாக்கியம் கிடையாது.

எழுபத்தொன்றாம் வருடத்துக் குத்தகைத் தாள்.
தட்டச்சு செய்தவர், வரியோரம் இடம் போதாமல்,
ஷாப் என்று அடித்து ஒரு சிறு கோடு இழுத்து
மறுவரியில் ஹவுஸ் என்று தொடங்கியிருக்கிறார்.
அந்தக் கோட்டின்மேல்தான் வழக்கு.

கொடுத்தது கடை, மேல்மாடி வேறு சொல்
என்கிறார் ஊய் பூன் ஹாக்கின் வக்கீல்.
ஒரே சொல், தாள்தான் முடிந்துபோனது
என்கிறார் பிலோமினாவின் வக்கீல்.
பயிற்சிக்கு வந்த பையன்
கோடில்லாத நகலைப் பார்த்து
‘ஷோஃபவுஸ்’ என்று வாசித்தான்.
பியும் எச்சும் ஒட்டி நின்றால் கண் அவசரப்படும்.
நீதிபதி மட்டும் சிரித்தார்.

எனக்குள் வேறு கணக்கு.
ஷாப் நேர், ஹவுஸ் நிரை,
கூவிளம்.
பொருள் பாராமல் அசைக்காகச் சொல்லை அறுத்தால்
நம்மிடம் அதற்குப் பெயர் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
மலாயில் ரூமா கெடாய், வீடு முன்னே போய்விடும்;
அந்தக் கெடாயும் நம் கப்பலில் வந்திறங்கியதுதான்.
அதையும் கேட்கவில்லை.

பிலோமினா கூண்டில் நிற்கிறார்.
கீழே நகலெடுக்கும் கடை, ரப்பர் முத்திரை,
மேலே கட்டில், குக்கர், அந்தோணியார் படம்.
நடுவே பதின்மூன்று மரப்படி.
ஏழாம் படியில் டோனர் டப்பா, எட்டில் வெங்காயக் கூடை.

‘கடைவீடு என்று நம்பித்தான்
கையெழுத்துப் போட்டீர்களா?’
‘கையெழுத்து எங்கப்பா போட்டது’ என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
‘ஆனா ஆமாங்க. எனக்குக் கடை வீடு அதான்.
அதுக்கப்புறம் வீடு இல்ல.’

நடுவில் அவர் விட்ட இடைவெளி
என் காதில் மட்டும் விழுந்தது.
கடை என்றால் விற்கும் இடம்.
கடை என்றால் முடியும் இடம்.
இரண்டையும் சுமக்கும் ஆங்கிலச் சொல்லை
நாலு நொடி தேடினேன்.
பதிவெழுதும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
ஷாப்ஹவுஸ் என்றேன்.
அதற்குப்பின் வீடு இல்லை என்பதையும் சொன்னேன்,
தொடர்பற்றது என்று வக்கீல் எழுந்தார்,
நீக்கப்பட்டது.

தீர்ப்பு பதினெட்டாம் தேதி.
அதுவரை அந்தக் கடைக்குள் நான் போகக் கூடாது.
எதிர்ச்சாரியில் நின்று தே தாரிக் குடித்தேன்.

ஒன்பதரைக்குக் கீழ்விளக்கு அணைந்தது.
மேல்விளக்கு எரிய நேரமாயிற்று.
நடுவில், இருட்டில்,
ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்.