பதினைந்தாம் தேதிக்குள்

மூன்று ரொட்டிக்கடை, ஒரு பல் மருத்துவர்,
டயர் விற்கும் இரண்டு சகோதரர்கள்.
இத்தனை பேருடைய வரவும் செலவும்
என் மேசைக்கடியில் இருக்கிற
கறுப்புப் பெட்டிக்குள்தான்.
மாதாமாதம் பதினைந்துக்குள்
வரிக்கணக்கு போய்ச் சேர்ந்தாகவேண்டும்.
பன்னிரண்டாம் தேதி காலை
பெட்டி முனகியது,
திரை நீலமாகி அணைந்தது.
பிறகு தானே எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல்
கடவுச்சொல் கேட்டது.

'புதுசு வாங்கு' என்றார் ஜும்பெர்.
வார்க்கெதிலியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் மேலே ஏறும்.
அதையே மாற்றவேண்டும் என்று
ஒன்பது வருடமாகக் கூட்டம் கூட்டுகிறவர்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து
ஒரு விளம்பரத்தாளை மாட்டினார்:
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது லாரி,
பன்னிரண்டு தவணை,
திரையைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு குடும்பம்.
எங்கள் வீட்டில் யாரும்
திரையைப் பார்த்துச் சிரித்ததில்லை.

நான் கணக்குப் பார்க்கிறவள்.
வேகமான வட்டு நூற்றுப்பத்து,
கூடுதல் நினைவகம் அறுபது.
புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.
ஆனால் இன்னும் எத்தனை மாதம் ஓடும்
என்று எழுத
என் தாளில் கட்டம் கிடையாது.
இரவு முழுக்க
நைந்த சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்தேன்,
பிய்த்தேன்.

காலையில் பெட்டியைப் போர்வையில் சுற்றி
இறக்கினோம். இறங்குவதற்குக் காசு இல்லை.
மெட்ரோவில் ஒருத்தி
'ஆட்டுக்குட்டியா?' என்று கேட்டாள்.
'ஆமாம்' என்றார் ஜும்பெர்.

ஸ்டேஷன் சுரங்கப்பாதையில்
இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும் கடை.
மெராபி பக்கத் தகட்டைக் கழற்றினான்.
உள்ளே கம்பளிபோல் தூசி,
அதன்மேல் ரசீதுகளோடு வந்த
ரொட்டி மாவு, மெல்லிசாக.
தூரிகையால் தள்ளிக்கொண்டே வந்தவன்
நின்றான்.
'இந்த இரண்டாவது துண்டை யார் பொருத்தினது?'

பதினோரு வருடத்துக்கு முன்
ஒரு ஞாயிற்றுக்கிழமை
முட்டி போட்டு, டார்ச்சைப் பல்லில் கவ்வி...
அன்று கோழி வறுத்துக் கொண்டாடினோம்.
நான் வாயைத் திறக்கவில்லை.

மெராபி கட்டைவிரலால் அழுத்தினான்.
டக்.
'இதுவரை உட்காரவே இல்லை' என்றான்,
'பாதி நினைவகத்தில்தான் ஓடியிருக்கிறது.'

அரை வயிற்றோடு பதினோரு வருடம்.
அதை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

ஜும்பெர் சிகரெட் பிடிக்க வெளியே போனார்.
சிகரெட்டை விட்டு
இரண்டு வருடம் ஆகிறது.

அறுபது மிச்சம். வட்டை மட்டும் வாங்கினேன்.
திரும்பும்போது மெட்ரோவில்
மனம் தானாகவே கூட்டிப்பார்த்தது:
காலையில் நான்கு நிமிடக் காத்திருப்பு,
வருடத்துக்கு முந்நூறு நாள்,
பதினோரு வருடம்.
இருநூற்றிருபது மணி நேரம்.
ஒன்பது நாளும் நான்கு மணியும்.
இதை யார் பெயரில் எழுத?
எதிர் இருக்கையில் அவர்
போர்வைமேல் கை வைத்து
ஜன்னலில் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
விட்டுவிட்டேன்.
சில தொகைகள்
எந்தப் பக்கமும் சேராமல் கிடக்கட்டும்.

பதினான்காம் தேதி மாலை கணக்கு போய்விட்டது.

மறுநாள் காலை, பழக்கம்தான்,
விசையை அழுத்திவிட்டுக் காப்பி வைத்தேன்.
அந்த நான்கு நிமிடத்தில்தான்
எதிர்க் கட்டடத்து ஏழாம் மாடிக்காரர்
பால்கனியில் சட்டை உலர்த்துவார்,
கை காட்டாமல் தலையை மட்டும் அசைப்போம்.
அவர் இன்னும் வரவில்லை.
அதற்குள் திரை விழித்துக்கொண்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஓடிப் போய் உட்கார்ந்தேன்.
பின்னால் காப்பி பொங்கி
அடுப்பை அணைத்தது.

திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம்:
அடுத்த பதிப்புக்கு
இந்தக் கணினிக்குத் தகுதி இல்லையாம்.
ஃபிரிட்ஜில் அந்தக் குடும்பம் இன்னும் சிரிக்கிறது,
மின்கட்டண ரசீது
அவர்கள் முகத்தைப் பாதி மறைத்திருக்கிறது.
அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து
'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன்.
உடனே கேட்டுக்கொண்டது,
முன்பெல்லாம் அதற்கே
அரை நிமிடம் யோசிக்கும்.