வலது மூலை

வால்டிவியாவில் ஜூன் மாத மழைக்கு ஓய்வு தெரியாது.
படகுப் பட்டறையின் மாடியில் ஒரு விறகடுப்பு,
பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பதினோரு கணினிகள்,
நாங்கள் மூவர்.

நினைவகம் அறுபத்து நான்கு மெகாபைட்.
இன்றைய இயங்குதளம் ஒன்று
தன் பெயரை எழுதிக் காட்டுவதற்குள்
அதைத் தின்று தீர்த்துவிடும்.
“இயந்திரம் கிழடாகவில்லை,
ஏற்றுகிற மூட்டை பெருத்துவிட்டது”
என்றான் எடெல்மீரோ.
துறைமுகத்தில் சுமை எண்ணியவன்.

முதல் வாரம் திரை வெறும் கறுப்பு.
தொடக்கக் கூறு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டு,
அதன் வாலில் இரண்டு பைட்டு முத்திரை.
முன்னதைப் பின்னதாக வைத்திருந்தோம்.
சங்கேதத்தைத் திருப்பிச் சொன்னால்
எந்தக் காவலாளி கதவைத் திறப்பான்?
புதன்கிழமை ஒரு வெள்ளைப் புள்ளி.
ஒரே ஒரு புள்ளி.
ரொமுவால்டோ விறகு போட மறந்து
அடுப்பு அணைந்தது.

புள்ளி கோடாகி, கோடு கட்டமாகி,
கட்டத்துக்குச் சாளரம் என்று பெயர் வந்தது.
மவுஸைக் கீழே இழுத்தால் அம்பு மேலே ஏறியது.
மவுஸையே திருப்பிப் பிடித்தோம்,
அப்போது இடது வலதானது.
இரண்டு நாள் தூக்கத்துக்குப் பதில்
ஒரு கழித்தல் குறி.

எழுத்துகள் என் பொறுப்பு.
எட்டுக்குப் பதினாறு கட்டத்தில்
எதைக் கறுப்பாக்க, எதை விட?
எங்கள் ‘என்யே’வின் தலையில் ஒரு சிற்றலை உண்டு.
அலை விழுந்தால் ‘ஆண்டு’ என்ற சொல்
சபையில் சொல்லக்கூடாத உடலுறுப்பாகிவிடும்.
நாற்பது ஆண்டு என்று வயதை எழுதுகிறவர் பாவம் இல்லையா?
நான்கு புள்ளிகளில் அலையை நிறுத்த
ஒரு ஞாயிறு போனது.

மற்றதெல்லாம் கழித்தல்.
சாளரத்தின் நிழல் வேண்டாம்.
வளைந்த மூலை வேண்டாம்.
பின்னணியில் மலை வேண்டாம், அது ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.
கடிகாரம் வேண்டாம் என்றது நான்தான்.
“மணி பார்க்கவா கணினி?”
கைதட்டினார்கள். எனக்குப் பெருமை.

சுக்காவோ என்று பெயர் வைத்தோம்,
கைப்பிடிக்குள் அடங்கும் காட்டுப் பறவை,
குரல் மட்டும் காடு கொள்ளாது.
மூலநிரலைத் திறந்து வைத்தோம்:
எடுக்கலாம், திருத்தலாம்,
திருத்தியதை மட்டும் பூட்டி வைக்காதீர்.
பத்தாம் நாள், முகம் தெரியாத ஸ்வாலா
ஐஸ்லாந்திலிருந்து மூன்று வரி அனுப்பினாள்.
கூடவே ஒரு குறிப்பு:
“சாளரத்தை மூடுகிறீர்கள்,
அது இருந்த இடத்தைத் திருப்பித் தருவதில்லை.”
நாங்கள் மூவரும்
கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆற்றின் மேல்பக்கம் ஒரு சுகாதார நிலையம்.
படகில் தார்ப்பாய் போர்த்தி முதல் கணினியைக் கொண்டுபோனோம்.
ஒன்பது நொடியில் விழித்துக்கொண்டது.
செவிலி எல்சீரா வியக்கவில்லை.
பெயர், வயது, எடை என்று தட்டிக்கொண்டே போனாள்,
அரிசி களைகிறவள் அரிசியைப் பார்ப்பதுபோல.
என் அலையை அவள் கவனிக்கவே இல்லை.
கடைசியில் ஒரு கேள்வி:
“மணி எங்கே?”

பிறந்த நேரம் எழுத வேண்டுமாம்.
கையுறைக் கையில் கடிகாரம் கட்ட முடியாதாம்.
சுவர்க் கடிகாரம் ஈரத்தில் நின்று ஆறு மாதமாம்.
“போன வாரம் ஒருத்தி பிறந்தாள்.
விடியலுக்கு முன் என்றுதான் எழுதினேன்.”

எடெல்மீரோ என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், நாற்பத்தொரு வரி.
கணினிக்குள்ளிருந்த காசு அளவு பேட்டரியும் செத்திருந்தது,
ரொமுவால்டோ தராசிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான்.
எந்த மூலையில் வைப்பது என்று விரல் தயங்கியபோது
மூங்கில் புதருக்குள் நிஜ சுக்காவோ கூவியது.
வலப்பக்கம் கூவினால் வழி நலம் என்பார்கள் இங்கே.
நான் நம்புகிறவள் இல்லை.

வலது மூலையில் வைத்தேன்.
நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது என்றாள் எல்சீரா,
திருத்தச் சொல்லவில்லை.