ஐந்து நிமிடம்

ஆத்திரத்தில் மனிதர்கள் சொல்வதுண்டு,
குடலை உருவிவிடுவேன் என்று.
எனக்கு உருவியவர்கள்
கையுறையைக் கழற்றிவிட்டு
மென்மையாகத்தான் பேசினார்கள்:
"இனி நோய்க்கு இருக்க இடமில்லை, போகுமிலா."

மீதமிருந்த சிறுகுடலின் நுனியை மடித்து
ஒரு பை தைத்தார்கள்.
நோய் நாலு மாதம் வாசலில் நின்றது.
பிறகு அந்தப் பைக்குள் குடிவந்தது.

க்தினியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தவள் நான்,
பதினேழு வருடம்.
கொரியக் குளிர்பெட்டிகளை, சிலி நாட்டுத் திராட்சையை
முட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி இறக்கியிருக்கிறேன்.
கிரேனுக்கு நூற்று எண்பத்தாறு படிகள்.
கழிப்பறை கீழே.
கணக்கு அவ்வளவுதான்.

இப்போது எடைமேடைக் கூண்டில் என் நாற்காலி.
பதினான்கு எட்டில் கதவு.
அதன் தாழ்ப்பாள் சரியில்லை,
யாரிடமும் சொல்லவில்லை.
தாழ்ப்பாள் போட எனக்கு எப்போது நேரம் இருந்தது?

மாத்திரையின் ருசியைச் சொல்கிறேன்:
பழைய பத்து குரோஷி நாணயத்தை
நாக்கின் கீழ் வைத்துத் தூங்கி எழுவது.
தேநீர் இரும்பு. ரொட்டி இரும்பு.
வித்தோல்ட் தரும் முத்தம்கூட
நங்கூரச் சங்கிலியின் ஒரு கண்ணி.
"கசக்கிறதா?" என்று கேட்டு
மறுபடி தருவான்.

அது போதாதென்று இன்னொன்று.
முகத்தை உருண்டையாக்கும்,
இரவு மூன்று மணிக்கு எழுப்பி
சமையலறை இழுப்பறைகளை அடுக்கச் சொல்லும்.
எங்கள் வீட்டுக் கரண்டிகள்
ஒரே திசையில்தான் தலைவைத்துப் படுக்கின்றன.
தேவாலய வாசலில் ஸ்டெஃபானியா
என் கன்னத்தைக் கிள்ளி "தேறிவிட்டாய்" என்றாள்.
தேறித்தான் விட்டேன்:
எந்தக் கடையில் பின்கட்டுவரை விடுவார்கள்,
எந்தப் பேருந்து எங்கே எத்தனை நிமிடம் நிற்கும்,
எல்லாப் பாடத்திலும்.

கிறிஸ்துமஸ் முன்னிரவில் மேசைமேல் பன்னிரண்டு பதார்த்தம்.
காளான், புளித்த கோசு, கசகசா அப்பம்,
பேச்சுவார்த்தை நின்றுபோன உறவினர்கள்.
எனக்குக் குழைந்த அரிசி, உப்பு.

பாதம் மரத்துவிட்டது, விரல் நுனிகளும்.
டாக்டர் ரூதா ஓர் இசைக்கவையைத் தட்டிக்
கால் கட்டைவிரலில் வைத்தார்.
"அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்."
தொடங்கவே இல்லையே என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தார்.
மாத்திரையை நிறுத்தினால் வீக்கம்,
தொடர்ந்தால் கால்.
ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றுவது
எனக்குத் தெரிந்த தொழில்தான்.
ஆனால் இந்தக் கப்பல் எப்படி ஏற்றினாலும் சாய்கிறது.

பிப்ரவரி, வியாழன், காலை ஆறரை. மூடுபனி.
லாரிகள் வரிசையில்.
உள்ளே கத்தி திரும்பியது.
"ஐந்து நிமிடம்" அட்டையைக் கண்ணாடியில் மாட்டி
ஓடினேன். ஓட்டமல்ல,
தொடைகளை நம்பாத ஒரு நடை.
ஹார்ன் ஒன்று, மூன்று, ஏழு.
துத்தநாகக் களிம்பு பூசித் திரும்பியபோது
பதினொரு நிமிடம்.

முதல் லாரிக்காரன் மட்டும் ஹார்ன் அடிக்கவில்லை.
லிதுவேனியன். தாளில் கெஸ்துதிஸ் என்றிருந்தது.
கையெழுத்துக்குப் பேனா தேடி
முன்கண்ணாடிக்கடியில் ஒரு டப்பாவைத் திறந்தான்.
பேனாவோடு வந்து விழுந்தது
அதே களிம்பு, அதே நீல மூடி,
வால்வரை சுருட்டிப் பிழிந்த குழாய்.

இருவரும் அதைப் பார்த்தோம்.
பின்னால் ஹார்ன்.
"எத்தனை?" என்றான், உடைந்த போலிஷில்.
எடையைக் கேட்கவில்லை என்பது தெரிந்தது.
மரத்த விரல்களில் ஒன்பது காட்டினேன்.
அவன் ஸ்டியரிங்கை விட்டுப்
பத்தையும் விரித்தான்,
பிறகு இன்னும் இரண்டு.
மூத்தவருக்குரிய மரியாதையோடு
முத்திரையைக் கோணாமல் குத்திக் கொடுத்தேன்.

இருபத்திரண்டு டன், நானூறு கிலோ.
தடுப்புக் கட்டையைத் தூக்கினேன். போனான்.
அடுத்தவன் கத்த வாயைத் திறந்து
என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.
நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

நாக்கில் இரும்பு அப்படியேதான்.
மூடுபனிக்கு மேலே என் கிரேன்
வேறு யாரோ ஒருவன் கையில் அசைந்தது.
திருப்பத்தில் இழுக்கிறான்.
சொல்ல வேண்டும்.